முதல் டம்ளர்

சிதம்பரம்
9.3.2008

என் மாமாவுக்கு,

அக்கா வீட்டில் எல்லோரும் நலம். தில்லைக்காளிக்கு வேண்டுதல், அதனால்தான் காபி குடிப்பதில்லை என்று மூன்று மாதமாக உங்களிடம் சொன்னது பொய்.

என் மார்பில் ஒரு கட்டி, வலியும். கார்த்திகையில் அக்காவோடு போய் ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திப் பரிசோதித்தாயிற்று. புற்று இல்லை, சாதாரண நார்க்கட்டி. உங்கள் அம்மாவும் மார்புக் கட்டியில்தான் போனார்கள் என்பதால் சொல்ல வாய் வரவில்லை.

"காபியால கட்டி வராதும்மா. கொஞ்ச நாள் வுட்டுப் பாரு, வலி குறையலாம்" என்றார் டாக்டர். குறைந்திருக்கிறது. உப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நானே குறைத்துவிட்டேன். கீரை, கேழ்வரகுதான். இனி நம் வீட்டிலும் அப்படித்தான்.

"பொண்டாட்டியே குடிக்காத காபித்தூள ஊர்ல எவன் வாங்குவான்?" என்று நம் கடையில் எல்லோர் முன்னும் கத்தினீர்களே, அன்றுதான் பஸ் ஏறினேன். இருபது வருடமாக நீங்கள் அரைக்கும் தூளில் முதல் டம்ளர் குடித்துக் குறை சொன்னவள் நான். உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் குடிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் வருகிறேன். பரிசோதித்து ஆறு மாதமாகும் வைகாசியில் மறுபடி ஸ்கேன். நீங்களும் வர வேண்டும். வெளியே பெஞ்சில் உட்காராமல் டாக்டர் அறைக்கு உள்ளேயே வர வேண்டும்.

புதுத் தூள் எடுத்து வையுங்கள். சிக்கரி ஜாஸ்தியா என்று முகர்ந்தே சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரி