பிசிறு வெட்டிய கிடார்கள்

பசை வாடை இன்னும் போகவில்லை. நீ கடைசியாக ஒட்டிய கிடாரின் துளையருகே முகத்தைக் கொண்டுபோனேன். மரமும் பசையும். நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நாளை ஞாயிறு. நல்லூரில் நாம் வேலை பார்த்த பனியன் தையல் யூனிட்டில் மெஷின்களை ஓரம் தள்ளி, உன் கிடார்களைக் கண்காட்சிக்கு நிறுத்தியிருக்கிறேன். அந்த ஒரு நாள்தான் இடம் கிடைத்தது.

சர்ச்சுகளில் உடைந்து கிடந்த கிடார்களைக் கேட்டு வாங்கி வருவாய். கிடாரின் கழுத்தில் ஊசிகள் ஒட்டுவாய், வயிற்றில் நூல் சுற்றும் பாபின்கள், ஜிப். கம்பிக்குப் பதில் பனியன் நூல், தரைவரை தொங்கும். கம்பெனியில் வெட்டாத நூல்பிசிறு ஒன்று தெரிந்தாலே தைத்த பீஸ் திரும்பி வரும். அதனால்தான் கிடார்களில் வேண்டுமென்றே தொங்கவிட்டாய். பல்கலைக்கழகத்தில் படித்த சொற்களை வைத்து நான் அதை விளக்கப் பார்த்தேன். நீ சிரித்தாய். "பிசிறு கெடக்கட்டும் மக்கா. கை பட்ட சாமான்னு தெரியணும்லா."

இன்று மதியம் பெயர்ச்சீட்டு வாங்கப் போயிருந்தேன். உதவிக்கு வந்த, செக்கிங்கில் பிசிறு வெட்டும் சரசக்கா தனியாக இருந்தார். திரும்பி வந்தால் எல்லாக் கிடாரும் மொட்டை.

"வந்துட்டீங்களா தம்பி? பிசிறெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணீட்டனுங்க. அந்தத் தம்பி நூலை அப்பிடியே உட்டுட்டுப் போயிருக்குது பாருங்க."

"அக்கா, அதுதாங்க கம்பி."

கத்தரியைக் கீழே வைத்தார். "ஐயோ சாமி."

கண்காட்சியே வேண்டாம் என்று தோன்றியது. வேறு கை தொட்டபின் இது உன்னுடையதா? வேஸ்ட் மூட்டையைக் கொட்டினேன். எந்த நூல் எந்தக் கிடாருக்கு என்று தெரியவில்லை.

"முடிச்சுத் தெரியாமக் கட்டித் தர்றனுங்க."

"தெரியட்டுங்க்கா. நல்லாத் தெரியட்டும்."

உட்கார்ந்து கட்டினோம். பச்சையோடு சிவப்பு. வெள்ளையோடு கைக்கு வந்தது. முடிச்சுகள் பருக்கள் போலப் புடைத்து நிற்கின்றன.

"அந்தத் தம்பி பாத்தா என்னைய வேலைய உட்டே தூக்கீரும்."

"உங்களை இல்லீங்க்கா, என்னைத்தான்."

ஒரு கிடாரை மட்டும், அவர் கை பட்டதும் தெரியட்டும் என்று, வெட்டியபடியே விட்டுவிட்டேன். சீட்டில் உன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதினேன். இரண்டுக்கும் நீ ஒப்புக்கொண்டிருக்க மாட்டாய். டீக்கடை மூடும்வரை வாதாடியிருப்பாய். நானும் விட்டிருக்க மாட்டேன். நீ இல்லாததால் நான் ஜெயித்துவிட்டதாக ஆகாது. இனி உன் பக்கத்தையும் நான்தான் பேச வேண்டும், என் பக்கத்தையும். பேசுவேன்.

காலையில் கதவைத் திறக்கிறேன்.