சித்தீக் வண்டியின் பின் ஆக்ஸில்

கராமா, துபாய்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை, கட்டடத்து லிப்ட்தான் மூன்று வாரமாக ஓடவில்லை, கீழே இறங்காதே என்றால் கேட்பதில்லை, நான் வாங்கி வருகிற கொத்தமல்லி எப்போதும் வதங்கியது என்று தானே இறங்கிப் போகிறாள். தினமும் போனில் பேசுகிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நீ கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், அம்மா சொல்லிக்கொடுத்த தமிழை எழுத்துக் கூட்டியாவது முழுவதும் படி.

முதலில் கேள்விக்குப் பதில். டிரெய்லர் வீட்டை இழுக்கப் பெட்ரோல் பிக்கப் வாங்குகிறோம், ஷோரூமில் 3.21 ஆக்ஸில் உள்ள வண்டி உடனே கிடைக்கும், 3.92 என்றால் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும், எது நல்லது என்று கேட்டாய். காத்திரு. பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, முன்னாலிருந்து வருகிற தண்டு எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்பதுதான் அந்த எண். எண் சின்னதாக இருந்தால் வெறும் வண்டி சத்தமில்லாமல் சிக்கனமாக ஓடும், ஆனால் பாரத்தைக் கட்டிக்கொண்டு மலை ஏறினால் திணறும், கியர்பாக்ஸ் கொதிக்கும். எண் பெரிதானால் கொஞ்சம் கூடப் பெட்ரோல் குடிக்கும், இழுத்துக்கொண்டு போய்விடும். விற்கிறவர் சொல்கிற எடையையும் நம்பாதே, தண்ணீர், கேஸ் சிலிண்டர், சாமான் எல்லாவற்றையும் ஏற்றி எடை போட்டுப் பார், அந்த ஆக்ஸிலுக்கு எவ்வளவு இழுக்கலாம் என்று கம்பெனி புத்தகத்தில் பார். பெரிய டயர் மாட்ட மாப்பிள்ளை ஆசைப்பட்டால் வேண்டாம் என்று சொல், இழுவை குறையும்.

இதைச் சொல்ல எனக்கு ஏன் நாலு நாள் ஆயிற்று என்று சொல்கிறேன். சித்தீக் மாமாவை உனக்கு நினைவிருக்கும், அதிராம்பட்டினத்து முகம்மது சித்தீக், எங்கள் படகு வாடகைக் கம்பெனி டிரைவர், நீ எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டால் உன்னைக் கொண்டுபோய் விடுவானே, அவன்தான். அந்த வருஷம் கம்பெனிக்கு இரண்டு பிக்கப் வாங்க வேண்டியிருந்தது. வண்டி விஷயத்தில் என் பேச்சுதான் முடிவு, அந்தத் தலைக்கனமும் எனக்கு நிறைய இருந்தது. இதே 3.21, இதே 3.92, இதே காத்திருப்பு. சீசன் தொடங்குகிறது, முதலாளி அர்பாப் அவசரப்படுகிறார், ஜெபல் அலி பக்கமெல்லாம் சமதரைதானே, 3.21 போதும் என்று சொல்லிவிட்டேன். யல்லா, கலாஸ், பேச்சு முடிந்தது என்று என் முதுகில் தட்டிக் கையெழுத்துப் போட்டார், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோர்பக்கான் மலைச் சாலையில் படகை இழுக்கப்போகிறவன் சித்தீக், அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் இரண்டு தடவை வந்து சொன்னான். அண்ணே, ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு வாங்குது, கியரு மாறி மாறி விழுவுது, எனக்கு ஒண்ணும் சரியாப் படலண்ணே என்றான். உன் மிதி அப்படி, பார்த்து மிதி என்று அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் மாதம், வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், ஏற்றத்தில் கியர்பாக்ஸ் எரிந்து வண்டி பின்னால் உருண்டு டிரெய்லர் தடுப்பில் மோதியது, படகு நொறுங்கிப்போனது. அவனுக்கு அடியில்லை, அது அவன் பெற்றவர்கள் செய்த புண்ணியம். என்ன காரணம் என்று ரிப்போர்ட் கேட்டார்கள். டிரைவர் தவறு என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். பதினொரு நாளில் விசாவை ரத்து செய்து அவனை ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே, இன்னொரு வண்டியின் பின் ஆக்ஸிலில் பல் தேய்ந்துவிட்டது என்று பொய்யாக எழுதி, 3.92 மாற்றிப் போட்டேன். அப்படியென்றால் தவறு ஆக்ஸிலில்தான் என்று எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது, மகளே. வேலை போனால் உன் படிப்பு என்ன ஆகும் என்று பயந்தேன், அது நிஜம், ஆனாலும் அதை ஒரு சமாதானமாக உன் தலையில் வைக்கமாட்டேன்.

மாமா ஏன் சொல்லாமல் போய்விட்டார் என்று நீ அழுதபோது, கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று உன்னிடமும் சொன்னேன். அது நம் வீட்டில் விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. போன வாரம்கூட மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து, சித்தீக் மாமா மாதிரி ஓட்டுறார்ப்பா என்று சிரித்தாய், அதே மூச்சில் ஆக்ஸிலையும் கேட்டாய்.

முந்தாநாள் நம்பர் தேடிப் பிடித்து அவனுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அண்ணே, நல்லா இருக்கியளா, நம்ம சந்தியா எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டான். மச்சான் கடையில் நிற்கிறானாம். வண்டி ஓட்டுவதில்லையா என்றேன். இல்லண்ணே, அன்னைக்கோட விட்டுட்டேன், நீங்க ரெண்டு தடவ மிதியப் பாருன்னு சொல்லியும் நான் திருந்தல, என் கால நம்பி இன்னொரு உசுர ஏத்தக்கூடாதுன்னு பயம் வந்துருச்சு, எம் புள்ளையக்கூட வண்டில வச்சு ஓட்டுனதில்ல என்றான். சந்தியா, நான் பார்த்த டிரைவர்களில் அவனைப்போல் நிதானமாக ஓட்டியவன் கிடையாது. அதைக்கூட அப்போது நான் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், இருபதாம் தேதி திருச்சிக்கு டிக்கெட். மறுநாள் அதிராம்பட்டினத்துக்கு நேரில் போய் அவன் எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொல்லவேண்டும். அம்மாவிடம் நேற்றே சொன்னேன், அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை, பேசமாட்டாள்தான். நீயும் கோபப்படலாம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும், மலையில் மெதுவாகப் போங்கள். ஒன்றை மறக்காதே, இருபத்தொன்றாம் தேதி எனக்குப் போன் செய்து, சித்தீக் மாமாவிடம் கொடுங்கள் என்று கேள். நான் ஏதாவது சாக்கு சொன்னால் விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கட்ராமன்