கோவிந்தப்பன் வண்டிக்குத் தடம் இல்லை

பாரூர்,
கார்த்திகை, 1955

அன்பு மகன் முனிவேலுக்கு,

நான் திடமாக இருக்கிறேன். பம்பாயில் நீயும் மருமகள் நாகம்மாவும் சுகம் என்று எழுதியிருந்தாய். எழுத்து சரிந்து கிடந்ததால் பாதிதான் நம்பினேன். நிமிர்ந்து உட்கார்ந்து எழுது.

மழை ஒருவழியாக நின்றது. ஐப்பசி முழுவதும் வெயிலைக் காணோம், பெண்ணையாறு கரை தெரியாமல் போயிற்று, ஆனால் நம் வயலை அழித்தது ஆறு அல்ல, உன் சித்தப்பா கோவிந்தப்பன். அவர் என்று எழுத மனம் வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். மழைக்கு முன் ஊரே சேர்ந்து ஏரியின் கோடியைச் சுத்தம் செய்து மிஞ்சிய தண்ணீரை அதன் வழியே வெளியேற விடுவது வழக்கம் அல்லவா. இந்த வருஷம் தன் அடுத்த போகக் கரும்புக்குக் கோடை வரை தண்ணீர் நிற்கவேண்டும் என்று அவன் கோடிக் கற்களுக்கு இடையே வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்துவிட்டான். ஏரி தளும்பி அவன் கரும்புப் பக்கம் கரை கசியத் தொடங்கியதும், அடைப்பை எடுக்க இறங்கப் பயந்து, ஆள் வைத்து நம் பக்கத்துக் கரையை வெட்டினான். நெல் நின்ற இடத்தில் இப்போது மணல். அதைக்கூடப் பொறுப்பேன். வயலோரம் குடியிருந்த நம் பண்ணையாள் நஞ்சம்மாவின் வீடு கரைந்து போயிற்று. கைக்குழந்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்தாள். மாட்டை அவிழ்க்க நேரமில்லை. வெள்ளம் வடிந்தபோது அது கட்டின இடத்திலேயே செத்துக் கிடந்தது.

இப்போது கேள். வெட்டின கரைமேல்தான் அவன் வண்டித்தடமும் இருந்தது. கரும்பு முற்றி நிற்கிறது, ஆலைக்குக் கொண்டுபோக நம் மாந்தோப்பை விட்டால் வேறு வழி இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. என்னா அண்ணி பண்றது, தண்ணிக்குக் கண்ணா இருக்குது, அது பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்துடுச்சி என்றான். தண்ணீருக்குக் கண் இல்லை, மண்வெட்டி பிடித்தவனுக்கு இருந்தது என்றேன். படிச்ச பொம்பளைக்கு இவ்ளோ வன்மம் ஆவாது அண்ணி என்றான். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் எனக்கு மன்னிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், தையல்தான் நன்றாக வந்தது என்று சொல்லிப் பழத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

தோப்பு உன் பெயரில் இருப்பதால் இனி உனக்கு எழுதுவான். உன் அப்பாவின் பெயரைச் சொல்லி உருகுவான். நீ இளகின மனசுக்காரன், சின்ன வயதில் அவன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன், அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். கரும்பு பூத்துச் சக்கையாகட்டும். தினமும் சாயங்காலம் வேலியோரம் நின்று அதைப் பார்த்துவிட்டு வருகிறேன், எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

தோப்பில் வண்டி நுழையக்கூடிய அந்த ஒரே இடத்தில் நஞ்சம்மாவுக்குக் குடிசை போட்டுக் கொடுத்துவிட்டேன். பெரிய எடத்துச் சண்டை எனக்கு எதுக்கும்மா என்று பயந்தாள். அடுப்பு மூட்டிய பிறகு அவளும் சிரித்தாள். வண்டி போகவேண்டுமானால் அவளிடமே கேட்டுக்கொள் என்று கோவிந்தப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்னும் கேட்க வரவில்லை. ஆகவே நீ அவனுக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினாலும், அவள் வீட்டை இரண்டாம் முறை இடிக்கச் சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழவேண்டும். நாகம்மாவைக் குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்கவிடாதே. சித்தப்பா கடிதம் வந்தால் பிரிக்காமல் எனக்கு அனுப்பு.

உன் அம்மா,
லட்சுமியம்மாள்