ஏழாம் கட்டிலில் கிடந்தது யார்

தூத்துக்குடி,
1946 நவம்பர் 3.

கொழும்பு செட்டியார் தெரு மளிகைக் கடையில் வேலை பார்க்கும் மகன் ஆறுமுகநயினாருக்கு, தூத்துக்குடி தர்ம ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டிலிருந்து இஞ்ஞாசிக் கிழவன் சொல்லி எழுதுவித்த கடிதம். சர்வேசுரன் உன்னையும் உன் வீட்டாரையும் குறைவில்லாமல் வைத்திருப்பாராக. நான் இங்கே சுகம் என்று வழக்கப்படி எழுதச் சொன்னால் அது பொய்யாகும். இந்தக் காகிதத்தில் பொய் வேண்டாம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் கோயில் உபதேசியார் ஜேசுபாதம். உன்னை நான் பார்த்ததில்லை. ஆனால் உன் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பது தெரியும். பதினோரு வயதில் பனம்பாளை சீவுகிற அரிவாளை எடுத்து விளையாடி வாங்கிய வெட்டு. உன் தகப்பனார் வன்னியபெருமாள் சொன்னார். அவர் சாவதற்கு முன் பதினாறு நாள் நாங்கள் இருவரும் ஒரே வார்டில் கிடந்தோம்.

உன் தகப்பனாருக்கு ஆபரேசனுக்கு முன்னாலேயே தப்பான ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றும், போட்ட நர்ஸ் பிளாரன்ஸைத் தண்டிக்க வேண்டும் என்றும் நீ மனு அனுப்பியிருக்கிறாய். நீ எழுதியதில் பாதி சரி. வருகிற பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிக் கமிட்டி விசாரிக்கிறது. அன்று அந்தப் பிள்ளையின் வேலை போகும், போலீஸுக்கும் எழுதுவார்கள் என்று பேச்சு. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. கோபம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரை வாசி.

உன் தகப்பனார் குடலிறக்கத்துக்காக வந்தார். முப்பது வருசம் பனையேறிய வயிறு, ஆபரேசன் செய்தால்தான் பிழைப்பு என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினம் காலையும் மாலையும் எனக்கு இன்சுலின் என்று ஒரு ஊசி உண்டு. அது உள்ளே போனால் அரை மணிக்குள் கஞ்சி குடித்தாக வேண்டும். குடிக்காவிட்டால் ஊசியே ஆளைக் கொல்லும். இது எனக்குப் பட்டுத் தெரியும். ஆடி மாதம் ஒருநாள் கஞ்சி வரத் தாமதமாகிவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, நாக்குத் தடித்து, கண்ணெதிரே ஆள் நிற்பது தெரியாமல் போனது. அப்போது வார்டிலிருந்த நர்ஸ் மெட்டில்டா சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். இதை மனதில் வைத்துக்கொள்.

வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை. தெற்குச் சுவரோரம் ஒன்று முதல் ஏழு, வடக்குச் சுவரோரம் எட்டு முதல் பதினான்கு. எல்லாருக்கும் தலை சுவர்ப் பக்கம். தலைக்கு மேலே ஒரு சிலேட்டு தொங்கும். அதில் கட்டில் எண், ஆள் பேர், மருந்து. என்னுடையது ஏழு. உன் தகப்பனாருடையது பதினான்கு, அதாவது வடக்கே தலை. அவர் முதல் நாளே காலைச் சுவர்ப் பக்கம் நீட்டித் தலையை நடைபாதையில் வைத்துப் படுத்தார். மேட்ரன் அம்மாள் வந்து திட்டித் திருப்பிப் போட்டாள். அந்த அம்மாள் போனதும் மறுபடியும் திரும்பிக்கொண்டார். நான் கேலி செய்தேன். “ஏ நாடாரே, பனையில நிமிந்து ஏறுத ஆளு, கட்டில்ல மட்டும் தலைமாறிக் கிடக்கீரே” என்றேன். “உமக்கென்ன அண்ணாச்சி, கடலுக்குள்ள முங்குனா வடக்கு ஏது, தெக்கு ஏது” என்று சிரித்தார்.

ஆபரேசனுக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு இல்லை. “வடக்க தலை வச்சுத் தூங்கி எந்திரிச்சு கத்திக்குப் போனா, போன காலு திரும்பாது அண்ணாச்சி. எங்க அய்யா அப்படித்தான் போனாரு” என்றார். கட்டிலை மாற்றித் தரும்படி மேட்ரனிடம் கெஞ்சினார். ஒருவனுக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள், ரிஜிஸ்தரைத் திருத்த முடியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். சாயங்காலம் கோயிலில் திரிகால மணி அடித்தது. மேட்ரன் வீட்டுக்குப் போயிருந்தாள். நானே அவரைக் கூப்பிட்டேன். “ஏலே, எங்க வேதத்துல தெக்கு வடக்குக் கிடையாது. நீ இங்கன வந்து படு, நான் அங்கன போறேன். விடிஞ்சதும் மாறிக்கிடுவோம்” என்றேன். தலையணையையும் கருப்பட்டி வைத்திருந்த ஓலைக்கொட்டானையும் எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வந்தார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சிலேட்டை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, மகனே. உபதேசியார் இதைக் கேட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எழுத்துத் தெரிந்தவருக்கு இது நம்ப முடியாததுதான். என் ஆயுசில் நான் பார்த்த எழுத்துப் பலகை தோணியில் அடித்த பலகை. தோணியில் ஆள் மாறும், தோணியை நடத்தும் தண்டல் மாறுவான், பலகை மாறாது. அது தோணியின் பேர், ஆளின் பேர் இல்லை. சிலேட்டும் கட்டிலுக்கு உரியது என்றுதான் நினைத்துக் கிடந்தேன்.

புதன்கிழமை விடிந்தது. மாறிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். உன் தகப்பனார் அசந்து தூங்கினார். தூங்கட்டும் என்று விட்டேன். அதற்குள் பிளாரன்ஸ் ஊசித் தட்டோடு வந்துவிட்டாள். மெட்டில்டா லீவில் போனதால் பெண்கள் வார்டிலிருந்து இரண்டு நாளைக்கு முன் வந்தவள். பதினான்கு கட்டிலும் அவள் ஒருத்தி தலையில். எங்கள் முகம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏழாம் சிலேட்டைப் படித்தாள். “தாத்தா, ஊசி” என்று தட்டி எழுப்பினாள். கத்திக்கு முன் ஒரு ஊசி போடுவோம் என்று டாக்டர் அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதை ஆபரேசன் அறையில்தான் போடுவார்கள் என்று தெரியாமல், அதுதான் இது என்று அவர் கையை நீட்டினார். நானும் எதிர்க் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டு அப்படியே நினைத்தேன். அந்தப் பிள்ளை பேரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

பிறகு ஏழாம் கட்டிலுக்குக் கஞ்சி வந்தது. உன் தகப்பனார் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்ற உத்தரவை ஒழுங்காகக் காத்தார். “இது அண்ணாச்சிக்கு உள்ளது” என்று என் கஞ்சியை எதிர்ப்பக்கம் கொடுத்தனுப்பினார். நான் குடித்தேன். அன்று எனக்கு ஊசி வராததைத் தாமதம் என்று நினைத்தேன்.

எட்டு மணி இருக்கும். அவருக்கு வேர்த்தது. மழைக்காலத்துக் காலை, எல்லாரும் போர்த்திக் கிடக்கிறோம், அவர் மட்டும் குளித்து ஏறியவர் மாதிரி நனைந்து கிடந்தார். கை துணியைப் பிடித்துப் பிடித்து விட்டது. “அண்ணாச்சி, பாளை சீவணும், நேரமாச்சு” என்றார். கூப்பிட்டேன், என்னைப் பார்த்தார், என்னைத் தெரியவில்லை. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. ஆடி மாதம் என் உடம்பில் நடந்தது இது. என் ஊசி அவருக்குள்ளே ஓடுகிறது.

மகனே, அவர் தலையணைக்குக் கீழே அந்தக் கருப்பட்டி இருந்தது. ஒரு துண்டு உடைத்து நாக்கில் வைத்திருந்தால் போதும். எழுந்து உட்கார்ந்தேன். வெறும் வயிறு என்ற உத்தரவு ஒரு பக்கம். சொன்னால் கட்டில் மாற்றியது தெரியும், மேட்ரன் என்னை வெளியே அனுப்புவாள், அந்த ஊசியை விலைக்கு வாங்க எனக்கு ஏது வழி என்ற பயம் ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். முத்துக்குளிக்கப் போகும்போது கீழே இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தானாகத்தான் இருக்கும். அங்கே வேறு ஆளை நம்ப மாட்டோம். அன்று உன் தகப்பனாரின் கயிறு என் கையில் இருந்தது. கீழே அவர் அசைத்ததும் எனக்குத் தெரிந்தது. நான் இழுக்கவில்லை.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. அதையும் எழுதச் சொல்கிறேன். தூக்குக் கட்டிலோடு வார்டு ஆள் தளவாய் வந்தான். பதினான்காம் கட்டிலுக்கு நேராக வந்து, “எந்திரியும் தாத்தா, கத்திக்கு நேரமாச்சு” என்று என் தோளைப் பிடித்தான். என் வாய் உடனே திறந்துவிட்டது. “ஏலே, நான் இல்ல. ஆபரேசன் ஆளு அங்கன கிடக்காரு” என்றேன். என் உயிருக்கு என்றால் வாய் திறந்தது. அவரைத் தூக்கும்போது, “பயத்துல வேர்த்து ஊத்துது, எல்லாரும் இப்படித்தான்” என்று தளவாய் சிரித்தான். நான் சும்மா இருந்தேன்.

அவர்கள் போனதும் எழுந்து போய் ஏழாம் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அவர் படுத்த இடம் ஈரமாக இருந்தது.

உள்ளே வலிப்பு வந்து நினைவு போய்விட்டது என்று பத்து மணிக்குச் சொன்னார்கள். கத்தியே வைக்கவில்லையாம். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் அதற்கு மருந்து கொடுத்தாராம். அவர் பேரில் குற்றமில்லை, உள்ளே போன ஊசி எது என்று அவருக்கு யார் சொன்னது? உன் தகப்பனாருக்குப் பிற்பகல் மூன்று மணி வரை உயிர் இருந்தது. பத்திலிருந்து மூன்று வரை ஐந்து மணி நேரம். கோயில் மணி ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு நான் கிடந்தேன்.

சாயங்காலம் பிளாரன்ஸ் அடுத்த ஊசியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள். “காலைல இங்கன கிடந்தது நீங்க இல்லையே தாத்தா” என்றாள். ஓடிப்போய் மேட்ரனிடம் தானே சொன்னாள். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேட்ரன் வந்து, “காலையில் நீர் எந்தக் கட்டிலில் இருந்தீர்?” என்று கேட்டாள். “இங்கனதான் கிடக்கேன், அம்மா” என்றேன். ஏழாம் கட்டிலில்தான் போட்டேன் என்று அந்தப் பிள்ளை அழுதாள். பதினான்காம் கட்டிலில் போட்டுவிட்டு இப்போது பொய் சொல்கிறாய் என்றார்கள். அன்றே அவளை வார்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். மணப்பாட்டில் தாயோடு இருக்கிறாளாம்.

பத்து நாள் பொறுத்து டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். “சின்னப் பிள்ளை மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறீர், முதலில் சொன்னதுதான் ரிஜிஸ்தரில் இருக்கிறது” என்று போய்விட்டார். தளவாயைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறான், அவனுக்கும் வேலை முக்கியம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னித்தார். செத்தது அவருடைய அப்பா இல்லையே.

என் வாய்ப்பேச்சு இங்கே எடுபடாது. உன் மனுவைத்தான் கமிட்டி படிக்கும். அதனால் பதினெட்டாம் தேதிக்கு முன் இன்னொரு மனு எழுது. கட்டில் மாறிக் கிடந்தார்கள், அதை மறைத்தவன் இஞ்ஞாசி என்று என் பேரைப் போட்டு எழுது. என்னை வெளியே அனுப்பினால் அனுப்பட்டும். அந்தப் பிள்ளை செய்த தப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் தண்டனை வரட்டும். இன்னொன்றும் எழுது. ஊசியோ மருந்தோ கொடுக்குமுன் ஆளின் வாயால் அவன் பேரையும் தகப்பன் பேரையும் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று கமிட்டியைக் கேள். நீ இன்னாரா என்று கேட்டால் எங்களைப் போன்றவர்கள் எதற்கும் தலையை ஆட்டுவோம். நீ யார் என்று கேட்க வேண்டும். இப்போது வந்திருக்கும் புது நர்ஸும் சிலேட்டைத்தான் பார்க்கிறாள். கையை நீட்டும்போதெல்லாம் நானாகவே பேரைச் சொல்கிறேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வார்டில் சிரிக்கிறார்கள்.

இங்கே நான்கு நாளாக மழை, தோணி எதுவும் போகவில்லை. தபால் தனுஷ்கோடி வழியாகவாவது உனக்கு நேரத்தில் வர வேண்டும் என்று மன்றாடுகிறேன். உன் தாயார் சீனித்தாய் அவருடைய சாமான்களை வாங்க வந்திருந்தார். கடைசியில் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். தூக்கத்தில் போனார் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். அதை நீ திருத்துவாயோ விடுவாயோ, உன் இஷ்டம்.

உன் தகப்பனார் கும்பிட்ட சாமி உன்னை நோய் நொடியில்லாமல் காக்கட்டும். முடிந்தால் நீயே நேரில் வா. வந்தால் ஏழாம் கட்டில் எங்கே என்று கேட்டு வராதே. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, நீ யார் என்று கேட்டுக்கொண்டே வா. என்னிடம் வரும்போது நான்தான் என்று சொல்வேன். அதன் பிறகு நீ என்ன செய்தாலும் சரி.

இப்படிக்கு,
சந்தியாகு மகன் இஞ்ஞாசி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

கேட்டு எழுதியவன், அவர் சொன்னதில் ஒன்றையும் குறைக்கவில்லை என்பதற்குச் சாட்சி: உபதேசி ஜேசுபாதம்.