காலண்டர் மாட்டிய ஆணி

பிப். 24, வியாழன்

காலை எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். புளி உடைக்க அடுத்த வீட்டு மேரி வந்தாள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா. பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அஜின். மகள் வயிற்றுப் பேரன். துபாயில் இஞ்சினீயர். சொந்தக் கார்.
ஷைனி. அவன் தங்கை. பாங்கு ஆபீசர். பரீட்சை முதல் தடவையிலேயே பாஸ்.
அபிஷா. மகனுடைய மகள். உக்ரைனில் டாக்டருக்கு நாலாம் வருஷம். எங்கள் சபையில் வெளிநாடு போய் டாக்டருக்குப் படிக்கும் முதல் பெண்.

மூன்று பேர் படமும் முன்னறைச் சுவரில், கண்ணாடி போட்டு.

"அபிஷாக்க அண்ணன் ஒருத்தன் உண்டுல்லா பாட்டி?" என்றாள் மேரி.

என்னா வெயில். புளிக்கு நல்லது.

மத்தியானம் மருமகள் லீலா டி.வி. போட்டாள். உக்ரைனில் குண்டு. தட்டில் சோறு அப்படியே. நாலு மணிக்கு அபி போன். ஹாஸ்டலுக்குக் கீழே நிலவறையில் தமிழ்ப் பிள்ளைகள் முப்பது பேராம். வெளியே வரக்கூடாதாம். லீலா அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

பிப். 25, வெள்ளி

மேகம். மழை இல்லை. சாயங்காலம் சர்ச்சில் பெண்கள் கூட்டம், அபிக்காகத் தனி ஜெபம்.

ஜெபத்துக்கு முன்னால் அந்த நாட்டைப் பற்றிப் பேச்சு. அங்குள்ள ஜனாதிபதி முன்பு டி.வி.யில் சிரிப்பு நாடகம் நடித்தவராம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கோமாளிக்க கையில நாட்டைக் குடுத்தா குண்டு விழாம பூவா விழும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு வாய் நீண்டது. "எனக்க வீட்டுலயும் ஒண்ணு உண்டு. இஞ்சினீயர் படிப்பை எறிஞ்சிட்டு மேடையில நின்னு கொரங்கு மாதிரி கத்துது. நாட்டை விடுங்க, ஒரு ஆட்டை நம்பி விடலாமா அவன்கிட்ட?"

இன்னும் சிரிப்பு. திரும்பினால் வாசலில் ஜெபின். அபியின் அண்ணன். மிமிக்ரி குழுவில் சேர்ந்ததற்கு நான் ஏசினதில் இரண்டு வருஷமாக வீட்டில் இல்லை. இரணியலில் கூட்டுக்காரர்களோடு அறை. தங்கைக்காக ஜெபம் என்று கேட்டு வந்திருக்கிறான். கையில் அடுக்கின பிளாஸ்டிக் சேர். மாஸ்க் போட்டிருந்தான். கண் மட்டும் தெரிந்தது.

"சேர் இது போதுமா பாட்டி?"

தலையாட்டினேன். வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது லீலா சொன்னாள்: "ஒருத்தி மண்ணுக்கு அடியில கெடக்கா. மத்தவனை நீங்க நாலு பேரு முன்னால வச்சுப் பொதைச்சிட்டிய மாமி."

பிப். 26, சனி

புளி பாதி பாக்கி. மேரியை வர வேண்டாம் என்றேன். முட்டுவலி. மாத்திரை தீர்ந்தது.

பதினொரு மணி வரை அபி போன் இல்லை. பிறகு வந்தது. குரல் தெளிவாக இருந்தது.

அவள் சொன்னது. ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருத்தி, என் வயது. அந்த ஜனாதிபதியைக் கண்டாலே ஆகாதாம். சிரிப்புக்காரனுக்கா ஓட்டு என்று நித்தமும் ஏச்சாம். இப்போது அவர் எங்கேயும் ஓடவில்லை. தெருவில் நின்று தன்னைத்தானே போனில் படம் பிடித்துக் காட்டுகிறார், இங்கேதான் இருக்கிறேன் என்று. நிலவறையில் அந்த அம்மாள் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாளாம். பார்த்துவிட்டுத் தன் வாயில் தானே ஓர் அடி.

"நீ எப்பிடி மக்கா அதுக்குள்ள இருக்க?" என்று கேட்டேன்.

"அண்ணன் உண்டுல்லா பாட்டி. மணிக்கொரு வாய்ஸ் அனுப்புவான். திருவட்டாறு பஸ் கண்டக்டர் மாதிரி, பாஸ்டர் மாதிரி. குண்டு சத்தம் கேட்டா, ஏட்டி, அடுத்தத போடுன்னு எல்லாரும் சொல்லுவாளுவ. உங்கள மாதிரியும் பேசுவான்."

"என்னைய மாதிரியா? என்ன பேசுவான்?"

"அது வேண்டாம் பாட்டி."

அனுப்பத்தான் வேண்டும் என்றேன். லீலாவின் போனுக்கு வந்தது.

என் குரலேதான். இருமல்கூட. "அஜினு துபாய்ல இஞ்சினீயராக்கும். சொந்தக் காரு. ஷைனி பாங்கு ஆபீசரு, மொதத் தடவையிலயே பாசு. அபி டாக்டரு." பிறகு வேறொரு பெண் கேட்பதுபோல், "ஜெபின் எப்பிடி இருக்கான் பாட்டி?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொண்டையைக் கனைக்கிற சத்தம். "என்னா வெயிலு! புளிக்கு நல்லது."

நேற்றுச் சாயங்காலம் அனுப்பினதாம். சர்ச்சிலிருந்து போன பிறகு.

முப்பது பிள்ளைகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். நான் இந்த டைரியில் வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். அப்படியே இருக்கிறது. என் கையெழுத்தில்.

மார்ச் 3, வியாழன்

அபி எல்லை தாண்டிவிட்டாள். ஸ்தோத்திரம். ரயிலில் நின்றபடியே, பிறகு நடை. காலெல்லாம் கொப்புளம். லீலா இன்றுதான் அழுதாள்.

ஜெபினுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

டி.வி.யில் அந்த ஜனாதிபதி. பச்சை பனியன், சவரம் செய்யாத முகம், தூக்கமில்லாத கண். ஒரு நாடே அவரை நம்பி இருக்கிறது. நான் ஆட்டுக் கணக்கு பேசினேன்.

மார்ச் 6, ஞாயிறு

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதிப் போட்டால் சபை ஊழியர் மைக்கில் வாசிப்பார். அஜினுக்கு வேலை கிடைத்தபோது போட்டேன். ஷைனிக்குப் போட்டேன். அபிக்கு வருஷா வருஷம். ஜெபினுக்கு, ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இன்று எழுதினது: பேத்தி அபிஷா சுகமாய் எல்லை தாண்டினதற்காக. பேரன் ஜெபின் முப்பது பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததற்காக. அவனை இந்த இடத்தில் வைத்து நான் பழித்தது தப்பு.

ஊழியர் ஆராதனைக்கு முன்னே என்னைத் தேடி வந்தார். "பாட்டி, சிரிக்க வச்சதுக்குன்னு இருக்கு. ஆறுதல் சொன்னதுக்குன்னு வாசிச்சிரவா? கடைசி வரி வேண்டாம், என்னா?"

"எழுதினபடி வாசியும்."

வாசித்தார். என் காது சுட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேரி மூக்கைத் துடைத்தாள்.

ஜெபின் வரவில்லை.

மார்ச் 7, திங்கள்

வெயிலைப் பற்றி எழுதப்போவதில்லை.

முன்னறைச் சுவரில் நாலாவது ஆணி ஒன்று உண்டு. ஜெபினின் பத்தாம் வகுப்புப் படம் இருந்த இடம். அவன் போன மறுநாள் படத்தைக் கழற்றிக் காலண்டர் மாட்டியது நான். இன்று ஸ்டூலில் ஏறினேன். லீலா வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். காலண்டர் அடுக்களைக்குப் போயாச்சு.

பழைய படத்தைத் தேடினேன். கரையான் அரித்துக் காது மட்டும் மிச்சம். அதற்கும் நான்தான் காரணம்.

போன் எடுக்காதவனுக்குக் கடிதம்தான். பிழை வராமல் இருக்க முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மக்கா ஜெபின்,
என்னை மாதிரி நீ பேசினதைக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. நான் அப்படித்தான். சர்ச்சில் சொன்னது தப்பு என்று சர்ச்சிலேயே வாசிக்க வைத்துவிட்டேன். நீ இல்லை. அதனால் இதிலும் எழுதுகிறேன். தப்பு.
இனி அந்த வாய்ஸில் நாலாவது பேரையும் சேர்த்துச் சொல். நானும் சொல்லிப் பழகுகிறேன்.
ஆணி காலியாக இருக்கிறது. கோட்டு போட்ட படம் வேண்டாம். மேடையில், மைக்கைப் பிடித்து, வாயைக் கோணிக்கொண்டு நிற்கிற படம். புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் என்னால் மாட்ட முடியாது.