தகடு இல்லாத பாஷ்கோவின் படகு

அனுப்புநர்:
டோமே க்லாரிச்,
படகுத்துறைத் தெரு,
ஸ்லாவ்னிட்ஸா தீவு.

பெறுநர்:
துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
ஸாதர் வட்டாரம்.

பொருள்: ஐரோப்பியப் பாதுகாப்புத் தகடு இல்லாத உல்லாசப் படகில் என் குடும்பத்தாரை ஏற்றிச் செல்லும் பக்கத்து வீட்டுக்காரர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் படகு தொழிற்சாலையில் கட்டியது. எவ்வளவு காற்று, அலை வரை தாங்கும், எத்தனை பேர் ஏறலாம் என்று ஐரோப்பிய விதிப்படி பொறித்த தகடு சுக்கான் அருகே உள்ளது. ஆறு பேர். அதை வாரந்தோறும் துடைத்து வைக்கிறேன்.

2. பக்கத்து வீட்டுப் பாஷ்கோ விதுலிச் தன் படகைக் கொல்லையில் தானே கட்டினார். தகடு கிடையாது. சொந்த உபயோகத்துக்குக் கட்டி, ஐந்து ஆண்டுகள் விற்காமல் இருந்தால் தகடு வேண்டாம் என்கிறது விதி. பல தடவை படித்துவிட்டேன். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. அவர் ஒரு காலத்தில் என் மனைவி யெர்காவைப் பெண் கேட்டவர் என்பதற்கும் இம்மனுவுக்கும் சம்பந்தமில்லை.

3. பரலோக மாதா திருநாளன்று ஊர்ப் படகுகள் வரிசையாக எதிரே உள்ள குட்டித் தீவின் மாதா கோவிலுக்குப் போவது வழக்கம். இவ்வாண்டு என் படகில் நான், யெர்கா, மூன்று பிள்ளைகள், மைத்துனன் ஏறியாயிற்று. ஏழாவதாக என் மாமியார் ஏறினார். தகட்டைக் காட்டி, இறங்குமாறு மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டேன். ஊரே துறையில் நின்றது. பாஷ்கோ உரக்க, "இங்க வாங்க அத்தை! என் படகுக்கு எண்ணத் தெரியாது" என்றார். துறையே சிரித்தது. யெர்கா எழுந்து, "நீங்க உங்க தகட்டோடவே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பின்னால் போனாள். பிள்ளைகளும் மைத்துனனும் போனார்கள். மாதா சொரூபம் ஏறிய படகுக்கு அடுத்ததாக அவர் படகு சென்றது. நான் கடைசியில், தனியாக.

4. அது முதல் ஞாயிறுதோறும் அவர்கள் அந்தப் படகில்தான் போகிறார்கள். மீன் சுடும் வாசனையும் சிரிப்பும் கரை வரை வருகின்றன. உள்ளதைச் சொன்னால், ஐயா, எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே அப்படகை நேரில் சோதித்து, குறை கண்டால் உடனே கரையேற்ற வேண்டுகிறேன். குறை இருக்காது என்றே அஞ்சுகிறேன், பாஷ்கோ கெட்டிக்காரர். அப்படியானால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அதன் முன்பக்கத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை. அதைப் பொருத்தும்படி உத்தரவிடுங்கள். யெர்கா எப்போதும் அங்கேதான் உட்காருவாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

இடம்: ஸ்லாவ்னிட்ஸா
நாள்: செப்டம்பர் 9

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
டோமே க்லாரிச்