இரண்டாம் தரம் ஊற்றிய தண்ணீர்

அம்மாவுக்கு, டேனிஷ் ராஜா கட்டும் தாலின் கோட்டையில் கல் சுமக்கும் உன் மகன் இகாண்ட் வணங்கிச் சொல்ல, ஒரு வியாபாரி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் டேனிஷ் பாதிரியார் வந்து, ஞானஸ்நானம் கொடுக்க எங்களை வரிசையில் நிறுத்தினார்.

"சாமி, எனக்குப் போன வருஷமே ஜெர்மன் சாமியார் ஊத்திட்டாரே" என்றேன்.

"அது செல்லாது. இது எங்க ராஜா மண்ணு."

"அப்போ அந்தத் தண்ணிய அவருகிட்டயே திருப்பிக் குடுத்துடட்டுமா?"

காவலாள் அறைந்தான். பயப்படாதே, காது சிவந்ததோடு சரி. பிறகு என் தலையிலும் ஊற்றி, யோகான் என்று பேரும் வைத்துவிட்டுப் போனார்கள்.

வயிறு எரிகிறது, அம்மா. ஊற்றுவது ஒரு கை தண்ணீர். அதைச் சொல்லியே இரண்டு கூட்டமும் நம் களத்துத் தானியத்தை அள்ளப் பார்க்கிறது. யார் மண் என்று நம்மை ஒருவனாவது கேட்டானா?

ஜெர்மன்காரர் ஊற்றியதை நம் நீராவிக் குளியல் குடிலில் நீ தழையால் அடித்துக் கழுவிவிட்டாய். இதைப் போக்கக் கடலில் இறங்கித் தேய்த்தேன், உப்புதான் ஒட்டியது. நம் பிர்ச் மரத் தழைக்கட்டு ஒன்றும் கம்பளிக் கையுறையும் அனுப்பு.

வியாபாரி அவசரப்படுகிறார். இங்கே எல்லாருக்கும் நான் யோகான். உன் பதிலைக் கொண்டுவரும் ஆளிடம், கோட்டை வாசலிலேயே இகாண்ட் என்று உரக்கக் கூப்பிடச் சொல். நான் திரும்பிப் பார்ப்பேன்.